சார்ஜர் போட்டும் ஏறாத பேட்டரி, திணறும் பழைய லேப்டாப்: கோளாறு எங்கே? புதுசு வாங்கித்தான் ஆகணுமா?

சார்ஜர் செருகியிருக்கிறது. லைட்டும் எரிகிறது. ஆனால் திரையின் ஓரத்தில் 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று காட்டிக்கொண்டு, 43 சதவீதத்திலேயே நிற்கிறது பேட்டரி. மவுஸை நகர்த்தினால் அரை நொடி கழித்துத்தான் அம்புக்குறி நகர்கிறது. ஃபேன் மட்டும் மிக்ஸி மாதிரி இரைகிறது. கடைக்குக் கொண்டுபோனால், திறந்துகூடப் பார்க்காமல் பதில் வரும்: "ரொம்ப பழசு சார். போர்டு போயிருக்கும். இதுக்கு செலவு பண்றதுக்கு புதுசே வாங்கிடலாம்."

இந்தப் பேச்சு இப்போது பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், பெரும்பாலும் இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். 2017-க்கு முன்பு வந்த லேப்டாப்களில் மிகப் பெரும்பாலானவை இதிலேயே அடிபட்டுவிடும். இன்னொரு பக்கம், ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்கள் அள்ளிக்கொண்டு போகப்படுவதால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம், சில்லறை வாடிக்கையாளர்களுக்கு ரேம் விற்றுவந்த தனது 'குரூஷியல்' பிராண்டையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆக, பழையதை வைத்திருக்கவும் பயம், புதியதை வாங்கவும் பயம்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் கனம் அதிகம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் லட்சக்கணக்கான மாணவர்கள் லேப்டாப் பெற்றார்கள். பல வீடுகளுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரே அதுதான். அக்கா படித்து முடித்து, தம்பி கைக்கு வந்து, இன்று போட்டித்தேர்வு விண்ணப்பம் போட எடுத்தால் சார்ஜ் ஏறவில்லை. 2025-26 தமிழக பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்கும் அறிவிப்பு வந்தது உண்மை. ஆனால் கல்லூரியைத் தாண்டிவிட்டவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு வீட்டில் இருக்கும் பழைய மெஷின்தான்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். விண்டோஸ் 10 ஆதரவு முடிந்ததற்கும் சார்ஜ் ஏறாததற்கும் சம்பந்தமே இல்லை. 'அப்டேட் நின்னுபோச்சு, அதான் ஸ்லோ ஆயிடுச்சு' என்பதும் சரியல்ல. சார்ஜ் ஏறாமல் இருப்பதும், மெஷின் திணறுவதும், ஆதரவு முடிந்ததும் மூன்று தனித்தனிப் பிரச்னைகள். மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'பழசாயிடுச்சு' என்று பெயர் வைப்பதால்தான் பலர் பல ஆயிரம் ரூபாயை இழக்கிறார்கள்.

பேட்டரி உண்மையிலேயே செத்துவிட்டதா?

இதைத் தெரிந்துகொள்ள யாரிடமும் போக வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே ஒரு மருத்துவ ரிப்போர்ட் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் 'பவர்சிஎஃப்ஜி' என்று ஒரே சொல்லாக அடித்து, ஒரு இடைவெளி விட்டு, ஒரு சாய்வுக்கோடு போட்டு, அதை ஒட்டியே 'பேட்டரிரிப்போர்ட்' என்று சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு ஃபைல் உருவாகும். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதையும் திரையே சொல்லும். பிரவுசரில் திறந்து பாருங்கள்.

அதில் இரண்டு எண்கள்தான் முக்கியம். ஒன்று, 'டிசைன் கெபாசிட்டி': தொழிற்சாலையில் இருந்து வந்தபோது பேட்டரி எவ்வளவு தாங்கியது என்பது. மற்றொன்று, 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி': இன்று முழுசாக ஏற்றினால் எவ்வளவு தாங்கும் என்பது. உதாரணத்துக்கு முதல் எண் 41,000 என்றும் இரண்டாவது 16,400 என்றும் இருந்தால், உங்கள் பேட்டரியில் மிச்சம் இருப்பது 40 சதவீதம். திரை '100 சதவீதம்' என்று காட்டினாலும், அது அந்த 40-இல் 100 சதவீதம்தான். 3 மணி நேரம் ஓடியது 1 மணி நேரம் சொச்சத்தில் படுத்துவிடுவதன் கணக்கு இதுவே.

லித்தியம் அயான் பேட்டரி தேய்வது கோளாறு அல்ல, அதன் இயல்பு. சாதாரண லேப்டாப் பேட்டரிகள் 300 முதல் 500 முழு சுற்றுகளுக்குள் தங்கள் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். சூட்டிலேயே இருந்தால், எந்நேரமும் 100 சதவீதத்திலேயே செருகி வைத்திருந்தால், தேய்மானம் இன்னும் வேகம். மே மாதத்து அறையில், மெத்தை மேல் வைத்து, நாள் முழுக்க சார்ஜரோடு ஓடும் லேப்டாப்பை நினைத்துப் பாருங்கள். பேட்டரிக்குப் பிடிக்காத எல்லாமே அங்கே இருக்கிறது.

அந்த இரண்டாவது எண் பாதிக்கும் கீழே போய்விட்டால், பேட்டரி மாற்ற வேண்டிய நேரம். போர்டு அல்ல, பேட்டரி. ஆனால் எண் நன்றாக இருந்தும் சார்ஜ் ஏறவில்லை என்றால்? இங்கேதான் சுவாரஸ்யமே.

'நாட் சார்ஜிங்' என்றால் கோளாறு என்று அர்த்தமா?

எப்போதும் இல்லை. 60 அல்லது 80 சதவீதத்தில் வந்து கச்சிதமாக நிற்கிறது என்றால், லேப்டாப்பே சார்ஜை நிறுத்தி வைத்திருக்க வாய்ப்பு அதிகம். பேட்டரி ஆயுளைக் காப்பாற்ற நிறுவனங்கள் வைத்திருக்கும் வசதி அது. லெனோவோவில் 'கன்சர்வேஷன் மோட்', ஏசஸில் 'பேட்டரி ஹெல்த் சார்ஜிங்' என்ற பெயரில் இருக்கும். டெல், ஹெச்பி மெஷின்களில் பயாஸ் அமைப்புக்குள்ளேயே இதற்கான தேர்வு உண்டு. வீட்டில் யாரோ எப்போதோ ஆன் செய்துவிட்டு மறந்திருப்பார்கள். ஆஃப் செய்தால் தீர்ந்தது. சொல்லப்போனால், எப்போதும் மேசையிலேயே இருக்கும் லேப்டாப் என்றால் ஆஃப் செய்யாமல் விடுவதே நல்லது.

43, 17 என்று இஷ்டத்துக்கு ஒரு எண்ணில் நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும். முதலில் சின்ன வைத்தியம்: லேப்டாப்பை ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடிய மாடல் என்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடியுங்கள். மறுபடி மாட்டி ஆன் செய்யுங்கள். சார்ஜிங்கைக் கவனிக்கும் சின்ன கன்ட்ரோலர் சிப் சில நேரம் குழம்பி நின்றுவிடும், இது அதைத் தட்டி எழுப்பும். அதற்கும் மசியாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் 'பேட்டரிஸ்' பகுதிக்குப் போய், ஏசிபிஐ பேட்டரி என்று வரும் டிரைவரை அன்-இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் அதைத் தானே மறுபடி போட்டுக்கொள்ளும்.

இரண்டுக்கும் மசியவில்லையா? சார்ஜரைக் கையில் எடுங்கள்.

யாரும் சந்தேகப்படாத குற்றவாளி

அடாப்டரில் லைட் எரிந்தால் அடாப்டர் நன்றாக இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். லைட் சொல்வது கரன்ட் வருகிறது என்பதை மட்டுமே. எவ்வளவு வருகிறது என்பதை அது சொல்லாது.

அடாப்டரின் பின்பக்கம் பொடி எழுத்தில் வோல்ட், ஆம்பியர் எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் வாட். 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட். 19.5 வோல்ட், 2.31 ஆம்பியர் என்றால் 45 வாட். இரண்டின் முனையும் ஒன்றுபோலவே இருக்கலாம், ஒரே லேப்டாப்பில் கச்சிதமாகப் பொருந்தவும் செய்யலாம். 65 வாட் கேட்கும் மெஷினுக்கு, நண்பரிடம் வாங்கிய 45 வாட் அடாப்டரைப் போட்டால் என்ன ஆகும்? மெஷின் ஓடும். மிச்சம் இருப்பதுதான் பேட்டரிக்குப் போகும். மிச்சமே இல்லை என்றால் சார்ஜ் ஏறாது. சில நேரம் செருகியிருக்கும்போதே சதவீதம் இறங்கவும் செய்யும். யுஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஆகும் மாடல்களில் போன் சார்ஜரைச் செருகுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. டெல், ஹெச்பி போன்ற பல மாடல்களில் சார்ஜர் முனையின் நடுவே ஊசி மாதிரி ஒரு மெல்லிய பின் இருக்கும். அது கரன்ட் கடத்துவதற்கானது அல்ல. 'நான் இத்தனை வாட் அடாப்டர்' என்று லேப்டாப்பிடம் சொல்வதற்கானது. அந்தப் பின் வளைந்தாலோ, ஒயர் உள்ளே அறுந்தாலோ, விலை மலிவான டூப்ளிகேட் அடாப்டரில் அந்த சிப்பே இல்லாவிட்டாலோ, லேப்டாப்புக்கு யார் வந்திருக்கிறார்கள் என்றே தெரியாது. தெரியாத ஆளை நம்பி முழு வேலை செய்ய முடியாது என்று, அது இரண்டு காரியம் செய்யும். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும். பிராசஸரின் வேகத்தையும் ஒரேயடியாகக் குறைத்துவிடும்.

இப்போது முதல் பத்தியை மறுபடி படித்துப் பாருங்கள். சார்ஜ் ஏறவில்லை, மவுஸ் நகரவில்லை. இரண்டு நோய் என்று நினைத்தோமே, அடாப்டர் முனையில் இருந்த ஒரே கோளாறாகக்கூட இருக்கலாம். விண்டோஸைத் திரும்பத் திரும்ப ஃபார்மேட் செய்தும் 'ஸ்லோவாவே இருக்கு' என்று புலம்புகிறவர்கள் இந்த ஒன்றைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சோதிப்பது எளிது. சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சார்ஜர் இல்லாதபோது வேகமாகவும், செருகினால் மந்தமாகவும் இருந்தால், சந்தேகம் நேராக அடாப்டர் மேல்தான். ஆன் செய்யும்போது 'அடாப்டர் வகை தெரியவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எச்சரிக்கை வந்தாலும் இதேதான். டெல் மெஷின்களில் பயாஸுக்குள் போனால், எத்தனை வாட் அடாப்டர் என்று அடையாளம் கண்டிருக்கிறது என்பதையே காட்டும். அதே வோல்டேஜில், சரியான வாட் உள்ள வேறு ஒரு அடாப்டரைக் கேட்டு வாங்கி 10 நிமிடம் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். வாட் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறைவாகத்தான் இருக்கக் கூடாது. அடாப்டரை மாற்றியும் ஏறவில்லை என்றால், அடுத்து சார்ஜர் செருகும் ஜாக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டினால் லைட் மினுக்குகிறதா என்பதே போதும். போர்டு என்ற பேச்சு இதற்கெல்லாம் பிறகுதான்.

பின்னணியில் ஓடுவது யார்?

அடாப்டர் சரி, பேட்டரியும் தேவலை, ஆனாலும் ஃபேன் இரைகிறது, சார்ஜ் மளமளவென இறங்குகிறது என்றால், உங்களுக்குத் தெரியாமல் யாரோ உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எந்த ஆப்பையும் திறக்காமல், லேப்டாப்பை ஆன் செய்து 10 நிமிடம் சும்மா விட்டுவிட்டுப் பாருங்கள். உடனே பார்த்தால் எல்லாமே பரபரப்பாகத்தான் தெரியும். 10 நிமிடத்துக்குப் பிறகும் சிபியு 30, 40 சதவீதத்தில் நின்றால் அது இயல்பு இல்லை. சிபியு என்ற தலைப்பின் மேல் கிளிக் செய்தால், அதிகம் தின்பவர் மேலே வந்துவிடுவார்.

அங்கே 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்' என்று பார்த்தால் பயப்பட வேண்டாம். அது விண்டோஸின் சொந்தக் காவல்காரர். ஸ்கேன் முடிந்ததும் அடங்கிவிடும். அதை நிறுத்தச் சொல்லித் தரும் வீடியோக்களை நம்பாதீர்கள். ஆனால் அதோடு கூட இன்னொரு இலவச ஆன்டிவைரஸும் போட்டிருந்தால், ஒரு வாசலுக்கு இரண்டு வாட்ச்மேன் கதைதான். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

'டிஸ்க்' பகுதி 100 சதவீதத்திலேயே சிவந்து நிற்கிறதா? அது பழைய ஹார்ட் டிஸ்க்கின் அழுகை. விண்டோஸ் அப்டேட், சர்ச் இண்டெக்ஸ், சிஸ்மெயின் என்று பல வேலைகள் ஒரே நேரத்தில் தட்டைச் சுற்றச் சொல்கின்றன. சுழலும் தட்டுக்கு அது முடியாது. இதற்கு சர்வீஸ்களை ஒவ்வொன்றாக முடக்குவது கை வைத்தியம். நிஜ வைத்தியம் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போடுவது. பழைய லேப்டாப்புக்குச் செய்யும் செலவுகளில் கண்ணுக்குத் தெரியும் பலன் கொடுப்பது இது ஒன்றுதான் என்பது என் கருத்து.

'ஸ்டார்ட்அப்' பகுதியில் தேவையில்லாததை எல்லாம் டிசேபிள் செய்யுங்கள். மீட்டிங் ஆப், கேம் லாஞ்சர், பிரின்டரே இல்லாத வீட்டில் பிரின்டர் சாஃப்ட்வேர் என்று பெரிய பட்டியலே இருக்கும். இதில் நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை.

சொல்ல வேண்டியது வேறு ஒன்று. 'கிராக்' போட்ட சாஃப்ட்வேர், ஓசியில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் டூல். நம் ஊரில் இதைப் போட்டுத் தராத கடையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்படிப்பட்ட டூல்கள் முதலில் கேட்பதே, 'ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க' என்பதுதான். அந்த வழியாக கிரிப்டோ காசு தோண்டும் மைனர் புரோகிராம்கள் உள்ளே நுழைவது வழக்கமான ஒன்று. அவை உங்கள் பிராசஸரை முழு வேகத்தில் ஓட்டும். கரன்ட் பில் உங்களுக்கு, காசு வேறொருவருக்கு. சில மைனர்கள் டாஸ்க் மேனேஜரைத் திறந்த உடனே ஒளிந்துகொள்ளவும் செய்யும். ஃபேன் இரைச்சல் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் அடங்கி, மூடினால் மறுபடி தொடங்கினால், அந்த விண்டோஸை நம்ப வேண்டாம். ஃபைல்களை எடுத்து வைத்துவிட்டு சுத்தமாக மறுபடி இன்ஸ்டால் செய்வதே வழி.

இன்னொரு சின்ன ஏமாற்று உண்டு. டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'அப் டைம்' என்று ஒரு கடிகாரம் ஓடும். தினமும் ஷட் டவுன் செய்கிறேன் என்பவர்கள் அதைப் பார்த்தால், 20 நாள், 30 நாள் என்று காட்டி அதிர வைக்கும். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி ஆன் ஆகியிருந்தால் ஷட் டவுன் என்பது பாதித் தூக்கம்தான். உள்ளே சிக்கிய டிரைவர்கள் அப்படியே தொடரும். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே முழுசாகப் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒருமுறை ரீஸ்டார்ட், காசில்லாத மருந்து.

இதைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள்

டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா? மூடி சரியாக மூடவில்லையா? மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறதா? உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். இங்கே எந்த சோதனையும் வேண்டாம். சார்ஜரைக் கழற்றி, ஆஃப் செய்து, கடையில் கொடுத்து பேட்டரியை எடுக்கச் சொல்லுங்கள். அமுக்கி மூடப் பார்ப்பது, ஊசியால் குத்திக் காற்றை வெளியேற்றப் பார்ப்பது எல்லாம் தீயை அழைப்பது. உள்ளே இருப்பது காற்று அல்ல, தீப்பிடிக்கக்கூடிய வாயு. எடுத்த பேட்டரியைக் குப்பையில் போடவும் கூடாது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு இருக்கிறது.

மாற்றுவதா, விடுவதா?

பேட்டரி மட்டும் போயிருந்தால், அல்லது அடாப்டர் மட்டும் என்றால், சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற விஷயம். எஸ்எஸ்டி சேர்த்தாலும் புதிய லேப்டாப் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் பேட்டரியில் மலிவு பார்க்காதீர்கள். இந்தியாவில் விற்கும் லேப்டாப் பேட்டரிக்கும் அடாப்டருக்கும் பிஐஎஸ் பதிவு கட்டாயம். ஸ்டிக்கரில் அந்த முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டாக இருந்தாலும் ஆன்லைனாக இருந்தாலும் இதே விதி.

சிக்கல் என்னவென்றால், பழைய மாடல்களுக்கு நல்ல பேட்டரி கிடைப்பதே கஷ்டம். முன்பு ஒரு கொக்கியை நகர்த்தினால் கையோடு வந்துவிடும் பேட்டரியை, நிறுவனங்கள் மெலிவு வேண்டும் என்று உள்ளே வைத்து மூடிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் இதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கப்படும் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்பது பொது விதி, சில விலக்குகளோடு. இந்தியாவில் 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. நிறுவனங்களின் சர்வீஸ் விவரங்களும் உதிரிபாகத் தகவல்களும் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். தகவல் தருவதற்கும், தர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவதற்கும் உள்ள தூரத்தை நாம் இன்னும் கடக்கவில்லை.

அப்போ விண்டோஸ் 10?

பாதுகாப்பு அப்டேட் இல்லாத மெஷினில் வங்கி வேலை பார்ப்பது நல்லதல்ல, அது உண்மை. ஆனால் வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் அறிவித்தபடி, தனிநபர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாக்-இன் செய்து, செட்டிங்குகளை கிளவுடில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம். இல்லையென்றால் 30 டாலர், அல்லது 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதியில் 'என்ரோல்' என்று இருக்கும்.

அதற்குப் பிறகும் ஓட்ட வேண்டும் என்றால் லினக்ஸ். பயமுறுத்தும் பெயர்தான், ஆனால் புதிதல்ல. அரசு கொடுத்த லேப்டாப்களிலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கியது. ஆன் செய்ததும் வந்த அந்தத் தேர்வுத் திரையை எத்தனையோ பேர் அவசரமாகக் கடந்திருப்போம். லினக்ஸில் பலவற்றுக்குப் பின்னணிச் சுமை குறைவு. பிரவுசர், பிடிஎஃப், ஆன்லைன் வகுப்பு, விண்ணப்பம் வரை தாராளமாக ஓடும். டேலி, போட்டோஷாப் வேண்டும் என்பவர்களுக்குத்தான் சிக்கல்.

பேட்டரி மாற்றுவது என்று முடிவெடுத்தால் ஒரு வேலை செய்யுங்கள். பழைய பேட்டரி ரிப்போர்ட்டை போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதியது போட்ட உடனே, காசு கொடுப்பதற்கு முன், கடையிலேயே உட்கார்ந்து அதே கட்டளையை அடித்து ரிப்போர்ட் எடுங்கள். இரண்டு எண்களும் ஏறக்குறைய சமமாக வர வேண்டும். சுற்று எண்ணிக்கை காட்டும் மாடல் என்றால் ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். 200, 300 என்று காட்டினால், அது யாரோ ஒருவர் கழற்றிப்போட்ட பேட்டரி. "அண்ணே, வேற ஒண்ணு காட்டுங்க" என்று சொல்லிவிடுங்கள்.